இரண்டு சாக்கு வெள்ளைச் சீவல்

மார்ச் மாதத்திலிருந்து எனக்கு நாக்கில் ருசி இல்லை, மூக்கில் வாசனை இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் புருஷன் ஆர்லிஸை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே சர்ச் பெண்கள் கேசரோல் தட்டுகளைக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தார்கள். கோழியும் நூடுல்ஸும் போட்டது, உருளைக்கிழங்கும் சீஸும் போட்டது, என்ன போட்டதென்றே தெரியாதது என்று மே மாதம் வரை வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தட்டையும் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். அட்டைப்பெட்டியைத் தின்றிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் புருஷன் போனவள் சாப்பாடு ருசிக்கவில்லை என்று சொன்னால் மறுநாளே பாஸ்டர் வந்து வாசலில் நிற்பார். அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு அட்டைப்பெட்டியே தேவலை.

அழுகையும் வரவில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சவப்பெட்டி இறங்கும்போது அந்தப் பெட்டியின் மூலைப் பொருத்து சரியாக உட்காரவில்லையே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, பட்டறையைத் திறந்துவிட்டேன். நான் மேசையும் துப்பாக்கிக் கட்டையும் செய்கிறவள். முப்பத்தொரு வருஷமாகக் கறுப்பு வால்நட் மரம்தான். ஆர்லிஸ் மரத்தை அறுப்பான், காய வைப்பான், நான் இழைத்த இடத்தைக் கூட்டிப் பெருக்குவான். பெருக்கியதைச் சாக்கில் கட்டுவதும் அவன் வேலை. எங்கள் வீட்டில் மரச்சீவல் வீணாகப் போனதே கிடையாது. எல்லாம் மூன்று மைல் தள்ளியிருக்கும் அவன் தம்பி க்ளோவிஸின் வீட்டுக்குப் போய்விடும்.

வால்நட் சீவல் க்ளோவிஸின் புகை அறைக்கு. இந்த வட்டாரத்தில் மற்றவர்கள் ஹிக்கரி மரப் புகை போடுவார்கள், அதில் ஒரு பிடி வால்நட் சேர்த்தாலே கசக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டு ஆட்களுக்கு அந்தக் கசப்புதான் வேண்டும். ஒரு பழைய மின் அடுப்பின் மேல் தட்டை வைத்து, வால்நட் சீவலை மட்டும் ஈரமாகப் போட்டு, பன்றி வயிற்றுக்கறியை இரண்டு நாள் குளிர் புகையில் தொங்கவிடுவான் க்ளோவிஸ். அந்த பேக்கனை முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள்.

பாப்லர் சீவல் குதிரைக்கு. மேசையின் இழுப்பறைகளுக்குப் பக்கப் பலகை பாப்லரில்தான் போடுவேன். அது வெளுத்த சாது மரம், அதற்கென்று ஒரு வாசனையோ குணமோ கிடையாது. அந்தச் சீவலை லாயத்தில் படுக்கையாகப் போடுவார்கள். லாயமும் க்ளோவிஸுடையதுதான், குதிரை மட்டும் ஆர்லிஸுடையது. பென்னி என்று பேர், புதுச் செப்புக் காசின் நிறம். பத்து வருஷமாக தினமும் சாயங்காலம் போய் அவளைத் தேய்த்துவிட்டு வருவான். என்னை ஒரு நாளும் அப்படித் தேய்த்துவிட்டதில்லை என்று நான் சொன்னால், உனக்கு வால் இல்லையே என்பான். அவன் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவளருகே நிற்பேன். அவள் என் சட்டைப்பையை மோந்து பார்ப்பாள், பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்ப்பாள். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. அவளும் போய்விட்டால் ஆர்லிஸ் தினமும் தொட்ட உயிர் என்று இந்த உலகத்தில் மிச்சம் நான் ஒருத்திதான்.

இரண்டு சாக்கும் ஒரே வீட்டுக்குப் போவதால் ஆர்லிஸ் ஒரு முறை வைத்திருந்தான். வால்நட் சாக்கைக் கம்பியால் கட்டுவான், பாப்லரை நூலால் கட்டுவான். கட்டுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்து வேட்டை நாய்போல் மோந்து பார்ப்பான். ஏனென்றால் வால்நட் சீவல் குதிரையின் காலடியில் விழக் கூடாது. இந்த மலையில் பிறந்த குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் விஷயம் அது. நல்ல படுக்கையில் கொஞ்சம் கலந்தால்கூட மறுநாள் குளம்புக்குள் சூடேறி வீங்கும். குளம்பு ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே எலும்பு பிடிவிட்டுக் கீழே சாயும். சாய்ந்துவிட்டால் அப்புறம் துப்பாக்கிதான்.

நவம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு வக்கீல் ஒருவருக்கு மேசை செய்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை. அந்த மனிதருக்கு ஒரு கோடு வெள்ளைகூட இருக்கக் கூடாதாம், முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டுமாம். வால்நட் கறுப்பென்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடுவில் வைரம் பாய்ந்த இடம்தான் கறுப்பு. பட்டைக்கு உள்பக்கம் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைதான், பாலாடைக் கட்டி நிறத்தில் இருக்கும். அந்த ஓரத்தையெல்லாம் எந்திரத்தில் கொடுத்து இழைத்துத் தள்ளினேன். அதற்கு முன் இழைத்த கறுப்புச் சீவலை எதையும் யோசிக்காமல் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கொட்டியிருந்தேன். ஆர்லிஸ் இருந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

சனிக்கிழமை காலையில் க்ளோவிஸ் போன் செய்தான்.

"லவோன், பன்னி வயிறு எட்டு நாளா உப்புல கெடக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா செருப்புதான் தைக்கணும். சீவல் வெச்சிருக்கியா, இல்ல என் தாடியக் கொளுத்திப் புகை போடட்டுமா?"

"இருக்கு. மத்தியானம் கொண்டாறேன். பென்னிக்கும் ஒரு சாக்கு இருக்கு."

"கறுப்பு தானே?"

"வெள்ளைதான் இருக்கு. ஓரத்துச் சீவல். கறுப்பப் பள்ளத்துல கொட்டிட்டேன்."

ஆர்லிஸாக இருந்தால் போனிலேயே கிழித்திருப்பான்.

"பரவால்ல," என்றான். "வெள்ளையும் அதே மரந்தானே."

மார்ச்சிலிருந்து எல்லோரும் எனக்குப் பரவாயில்லை என்றுதான் சொல்கிறார்கள். வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒருவரின் வண்டியில் நான் மோதினேன், அவரும் இறங்கி வந்து என் கையைத் தட்டிக்கொடுத்துப் பரவாயில்லை என்றார்.

பட்டறைத் தரையில் இரண்டு குவியல் இருந்தது. ஒன்று வால்நட் வெள்ளை, ஒன்று பாப்லர். ஒரே மாதிரி இரண்டு சாக்கில் அள்ளிப் போட்டேன். கட்டப் போகும்போது மறுபடியும் போன். இந்தத் தடவை கல்லறைக் கல் செதுக்குகிற கடைப் பெண்.

"ரெண்டு தேதிக்கும் கீழ ஒரு வரி போடலாம், மேடம். நெறையப் பேரு 'அன்பான கணவர்'னு போடறாங்க."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன், நாலாவது தடவையாக. நான் ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் இரண்டு சாக்கும் சுவரோரம் நிற்கின்றன. ஒரு பிடி அள்ளி மோந்தேன். அடுத்ததிலும் ஒரு பிடி அள்ளி மோந்தேன். ஆர்லிஸ் செய்வதைச் செய்ய வேண்டுமே என்று செய்தேன், அவ்வளவுதான். இடதுபக்கச் சாக்கைக் கம்பியால் கட்டினேன், வலதுபக்கச் சாக்கை நூலால் கட்டினேன். மத்தியானம் கொண்டுபோய் க்ளோவிஸின் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் க்ளோவிஸின் பெண்டாட்டி மாக்ஸின் போன் செய்தாள். மாக்ஸின் போனில் வானிலையிலிருந்து ஆரம்பிக்கிறவள். அன்று ஆரம்பிக்கவில்லை.

"லவோன், பென்னி நகர மாட்டேங்கறா. கிளம்பி வா."

போனபோது பென்னி முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பு பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டுக்கொண்டு நின்றாள். குளிரில் வேர்த்திருந்தது. க்ளோவிஸ் குந்தி உட்கார்ந்து அவள் கணுக்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாடி தெறிச்சு அடிக்குது," என்றான். "நேத்து சாயங்காலம் புதுப் படுக்கை போட்டு விட்டேன், அப்ப நல்லாத்தான் நின்னா."

கால்நடை டாக்டர் வந்தாள். டாக்டர் கீஃபர் கான்சஸ் சிட்டிக்காரி, எங்கள் பக்கம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நாசூக்கு தெரியாது, வேலை தெரியும்.

"புல்லு ஏதாவது மேய்ஞ்சாளா? தானியத் தொட்டி தெறந்து கெடந்துச்சா?"

"நவம்பர்ல எங்க டாக்டர் புல்லு? தானியம் அவ தின்னதவிட நான் தின்னது ஜாஸ்தி," என்றான் க்ளோவிஸ்.

"படுக்கைல வால்நட் எதுவும் கலந்துச்சா?"

க்ளோவிஸ் எழுந்து நின்றான். "டாக்டர், நான் இந்த மலைல பொறந்தவன்."

"கேக்க வேண்டியது என் வேலை."

மூலையில் பாதி காலியாகக் கிடந்த சாக்கை இழுத்துக்கொண்டு வந்து காட்டினான். வாயில் நூல் இன்னும் தொங்கியது. "நூல் கட்டின சாக்கு. நூல்னா பாப்லர். எங்க அண்ணன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

டாக்டர் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. என் பக்கம் திரும்பினாள். "மிஸ் லவோன்?"

"பாப்லர்தான். நானே கட்டினேன்," என்றேன். கேசரோல் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் அதே குரலில் சொன்னேன்.

அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. டாக்டர் ஊசி போட்டாள், குழாய் விட்டு எண்ணெய் இறக்கினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னாள். "எதனால வந்துச்சுன்னு தெரியாம நான் வலிக்கு மட்டும்தான் மருந்து குடுக்க முடியும். அந்த எழவு இன்னும் உள்ள போய்க்கிட்டே இருந்துச்சுன்னா, நாளைக்கு எலும்பு சாஞ்சிடும்."

"சாஞ்சா?" என்றாள் மாக்ஸின். அவளுக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டாள்.

"கால் நோகாம நிக்க நல்லா கனமாப் படுக்கை போட்டு விடுங்க," என்று மட்டும் சொன்னாள் டாக்டர்.

க்ளோவிஸ் மிச்சச் சாக்கையும் பென்னியின் காலடியில் உதறினான். சாக்கின் மறு மூலையை நான் பிடித்துக்கொண்டேன். சீவலைக் குளம்பைச் சுற்றிக் கையால் அணைத்து வைத்தேன். பென்னி குனிந்து என் தலைமுடியை மோந்தாள்.

மத்தியானம் மாக்ஸின் டாக்டரைப் போக விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு ஊசி போட வேண்டியிருந்தது, அதனால் டாக்டரும் பிகு பண்ணவில்லை. பன் மாதிரி சுட்ட பிஸ்கட்டும் கிரேவியும், வதக்கிய ஆப்பிள், முட்டை. அன்று காலையில்தான் புகை அறையிலிருந்து இறக்கிய புது பேக்கன். க்ளோவிஸ் சுருக்கமாக ஜெபம் சொன்னான். அதில் குதிரையின் பேரையும் சேர்த்தான்.

நான் ஒரு துண்டு பேக்கனைக் கடித்தேன். அட்டைப்பெட்டி.

"நல்லா இருக்கு மாக்ஸின்," என்றேன்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றாள் மாக்ஸின். க்ளோவிஸ் தட்டைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தான்.

டாக்டர் ஒரு துண்டைத் தின்றாள். இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். "போன கிறிஸ்துமஸுக்கு நீங்க குடுத்து விட்டீங்களே பேக்கன், அத தின்னுட்டு எனக்கு அரை நாள் நாக்கு கசந்துச்சு. இவங்க தாரு ஊத்தியா சமைக்கறாங்கன்னு கேட்டாரு என் வீட்டுக்காரரு. அந்தக் கசப்பு எங்க போச்சு? இதுல புகையே இல்லையே. வெறும் உப்புதான் தெரியுது."

மேசைக்கு அடியில் மாக்ஸின் அவளை உதைத்தாள். எனக்கு எப்படித் தெரியுமென்றால், உதை என் காலில் விழுந்தது.

"ரெண்டு நாள் வால்நட் புகை போட்டிருக்கேன்," என்றான் க்ளோவிஸ். முகம் சிவந்துவிட்டது. "நாப்பது வருஷமாப் போடறேன். இதுல புகை இல்லன்னு எனக்குச் சொல்றதுக்கு கான்சஸ் சிட்டிலேர்ந்து ஒரு ஆளு வரணுமாக்கும்."

"இந்தத் தடவை வெள்ளைச் சீவல் இல்லையா, அதான் லேசா இருக்கு," என்று மாக்ஸின் குறுக்கே விழுந்தாள். "லேசா இருந்தாத்தான் எனக்குப் புடிக்கும்." டாக்டருக்குச் சொல்வதுபோல் சொன்னாளே தவிர, பார்த்ததெல்லாம் என்னைத்தான்.

"மாக்ஸின்," என்றேன், "உண்மையச் சொல்லு. இதுல புகை இருக்கா இல்லையா?"

"எதுக்கு இப்ப அதப் போயி..."

"இருக்கா இல்லையா?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்லடி. கொஞ்சங்கூட இல்ல. காலைல ஓரத்த வெட்டி வாயில போட்டப்பவே தெரிஞ்சிடுச்சு. நீ குடுத்த சீவலாச்சே, இந்த வருஷத்துல உன்கிட்ட போயி இத எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

எட்டு மாதமாக எல்லாம் ருசியில்லாமல்தான் இருந்தது, அதனால் நிஜமாகவே ருசியில்லாத ஒன்று வாய்க்குள் வந்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் நாக்கின் கோளாறு என்று விழுங்கிவிட்டேன். கோளாறு நாக்கில் இல்லையென்றால் புகைத்தட்டில் எரிந்தது வால்நட் இல்லை. நான் கொண்டுபோய் இறக்கியது இரண்டு சாக்கு.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. தட்டில் இருந்த ஆப்பிள் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஏதோ புல், ஏதோ தானியம் என்று போய்விடும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைப்பானேன். அந்த நினைப்பும் மற்ற எல்லாவற்றையும் போலவே ருசியில்லாமல் இருந்தது.

"க்ளோவிஸ்," என்றேன். "லாயத்துல கெடக்கறது வால்நட்."

"நீதானே பாப்லர்னு சொன்ன?"

"எனக்கு வாசனை தெரியாது. ருசியும் தெரியாது. மார்ச்லேர்ந்து. ரெண்டு சாக்கையும் மோந்து பாத்தேன், ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. கை போன போக்குல கட்டிட்டேன்."

க்ளோவிஸ் என்னைப் பார்த்தான். வாய் பாதி திறந்து மூடியது. நாற்பது வருஷப் பழக்கத்தில் அவன் முகத்தில் நான் பார்க்காத பார்வை அது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடி நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அவன் கொட்டகைப் பக்கம் ஓடினான்.

லாயத்தில் டாக்டர் ஒரு பிடி சீவலை அள்ளி மூக்கை அதற்குள்ளேயே விட்டு இழுத்தாள். "கடவுளே," என்றாள். "மூத்திர வாடைல எனக்குத் தெரியாமப் போச்சே. அவள வெளிய கொண்டாங்க. இப்பவே."

குளம்பைக் குளிர வைக்க வேண்டும், வீட்டிலிருந்த பனிக்கட்டி ஒரு வாளிகூட தேறாது. கொட்டகைக்குப் பின்னால் ஓடை இருக்கிறது, ஊற்றுத் தண்ணீர், கோடையிலேயே கால் வைக்க முடியாது. அறுபது அடி தூரம்தான். அதைக் கடக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு அடிக்கும் பென்னி நின்றாள், முனகினாள். குதிரை முனகி நான் அதுவரை கேட்டதில்லை. க்ளோவிஸ் அவள் காதருகே வாயை வைத்து, "வாடி என் ராசாத்தி, இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரே ஒரு அடி" என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

முழங்கால் ஆழத்தில் அவளை நிறுத்தினோம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தது.

"நீ மேல ஏறு, நான் புடிச்சுக்கறேன்," என்றான் க்ளோவிஸ்.

"நான் கட்டின சாக்கு."

அவன் மறுபக்கம் இறங்கி நின்றான். குதிரைக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவன். இருட்டும்வரை நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள், மரத்துப் போனால்தான் வலியும் வீக்கமும் அடங்கும் என்றாள். முதலில் பாதம் எரிந்தது, பிறகு குத்தியது, பிறகு கால் இருக்கிற இடமே தெரியவில்லை. அது எனக்குப் பழகின விஷயம்தான், சௌகரியமாகவே இருந்தது.

"அண்ணன் இருந்தான்னா நம்ம ரெண்டு பேரையும் சேத்து வெச்சுத் திட்டியிருப்பான்," என்றான் க்ளோவிஸ், குதிரைக்கு அந்தப்பக்கமிருந்து.

"ஒன்னைத்தான் மொதல்ல."

"என்னை எதுக்கு?"

"மிச்சச் சாக்கையும் கொட்டினது யாரு?"

"மறு மூலையப் புடிச்சது யாரு?"

மாக்ஸின் மணிக்கொரு தரம் கரையில் வந்து நின்று எங்களுக்குக் காபியை நீட்டினாள், போகும்போது இரண்டு பேரையும் கழுதைகள் என்று வைதுவிட்டுப் போனாள். டாக்டர் வேறு இரண்டு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். பொழுது சாய்ந்தபோது பென்னி ஒரு தரம் பாரத்தை இடது முன்னங்காலுக்கு மாற்றிவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்தாள், நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

சமையலறையில் மாக்ஸின் என் பூட்ஸைக் கழற்றி, காலை வெதுவெதுப்பான தண்ணீரில் எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரத்தம் இறங்கியது. ஆணி ஆணியாக இறங்கியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"கத்துடி," என்றாள் மாக்ஸின். தரையில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்திருந்தாள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "நல்லா வாய்விட்டுக் கத்து. எட்டு மாசமா எல்லாம் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு உயிர வாங்கிட்ட."

வலித்தது. என் உடம்பில் ஏதோ ஒன்று இது இப்படித்தான் என்று பொய்யில்லாமல் சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது. வலி குறையத் தொடங்கியபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

செவ்வாயும் புதனும் அதே ஓடை. புதன்கிழமை டாக்டர் எக்ஸ்ரே பெட்டியைக் கொண்டுவந்து எடுத்துப் பார்த்தாள். வலது காலில் எலும்பு அசையவே இல்லை, இடது காலில் ஒரு நூலிழை இறங்கியிருந்தது. இனி யாரும் ஏறிச் சவாரி செய்ய முடியாது, ஆனால் நிற்பாள், நடப்பாள், மேய்வாள் என்றாள். வியாழக்கிழமை காலையில் பென்னி யாரும் பிடிக்காமல் தானாக நாலடி நடந்து தீவனத் தொட்டிக்குப் போனாள். மாக்ஸின் எனக்குப் போன் செய்து வானிலையிலிருந்து ஆரம்பித்தாள். அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இனி நான் சாக்கு கட்டினால் மாக்ஸின் வந்து மோந்து பார்க்காமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று ஏற்பாடாகியிருக்கிறது. அதை நான் சொல்வதற்கு முன் அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை க்ளோவிஸ் பட்டறைக்கு வந்தான். மிச்சமிருந்த பேக்கனை மறுபடியும் புகையில் தொங்கவிட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமையே நான் ஓடையில் நிற்கும்போது வந்து, என் பள்ளத்தில் இறங்கி, மேலே நனைந்ததைத் தள்ளிவிட்டு அடியிலிருந்த கறுப்புச் சீவலை ஒரு சாக்கு அள்ளிக்கொண்டு போனானாம். நான்கைந்து துண்டுகளைப் பொரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஓரமெல்லாம் கருகருவென்று இருந்தது.

வக்கீலின் மேசை பாதி எண்ணெய் பூசிய நிலையில் கிடந்தது. அதன் மேல் எதையும் வைக்காதே என்று அதட்டினேன். பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து காகிதத்தை மடியில் பிரித்தான்.

"சாப்பிடு."

ஒரு துண்டை எடுத்து மென்றேன். மொறுமொறுப்பு தெரிந்தது, சூடு தெரிந்தது. க்ளோவிஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப நல்லா..." என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். "தெரியல, க்ளோவிஸ். ஒண்ணுமே தெரியல."

அவன் தலையை ஆட்டினான். தானும் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் மென்றான்.

"எனக்குந்தான்," என்றான்.

"என்ன எனக்குந்தான்?"

"திங்கக்கிழமை கொக்கிலேர்ந்து இறக்கினதும் மொத துண்டு நான்தான் தின்னேன். விடியறதுக்கு முந்தி, லாயத்துக்குப் போறதுக்கு முந்தி. அதுல புகை இல்லன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா, மிச்சச் சாக்க அவ காலடில கொட்டியிருக்க மாட்டேன்." எண்ணெய்க் கையை முழங்காலில் துடைத்தான். "மார்ச்லேர்ந்து, லவோன். மாக்ஸினுக்குத் தெரியாது."

நான் அவன் பக்கத்தில் பலகை மேல் உட்கார்ந்தேன். ஆர்லிஸ் அவனுக்கு அண்ணன் என்பதே மார்ச்சிலிருந்து எனக்கு நினைவில் இல்லை. ஆர்லிஸ் என் ஒருத்தியிடமிருந்து மட்டும் போனவன் என்றே இருந்திருக்கிறேன்.

காகிதத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. இரண்டு பேரும் எடுத்து எடுத்துத் தின்றோம். நல்லா இருக்கு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.